மாலை கழற்றிய பிறகும் பீடியைத் தொடாமல் இருக்க: எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகை பிறந்ததும் செங்கோட்டையிலிருந்து கேரள எல்லையோரப் புளியரை வரை ரோட்டோர டீக்கடைகளில் ஒரு மாற்றம் தெரியும். கடைக்குப் பக்கவாட்டில் நின்று புகை விடும் கூட்டம் மெலிந்துவிடும். இருபது முப்பது வருடமாகப் பீடியை விடாத ஆட்கள்கூடச் சபரிமலைக்கு மாலை போட்ட அன்றைக்கே நிறுத்துகிறார்கள். டாக்டர் சொல்லிக் கேட்காதவர், மனைவி அழுதும் கேட்காதவர், சாமிக்காகக் கேட்கிறார். 41 நாளும் தொடுவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் அதே கடை, அதே பீடி.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. புகையை விடுவதில் உடம்பு படும் பாடு முழுவதையும் தாண்டிவிட்ட மனிதர், கரை ஏறிய பிறகு திரும்பிப் போகிறார். விரதத்தின் 41 நாளை நிரந்தரமாக விடுவதற்கான தொடக்கமாக எப்படி ஆக்கிக்கொள்வது, வீட்டார் அதற்கு எப்படித் துணை நிற்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நோன்பு வைப்பவர்களுக்கும் தவக்காலம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். அவர்களுக்கென்று தனியாகவும் பின்னால் இருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது

புகையை இழுத்த பத்து விநாடி வாக்கில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். அதற்குப் பழகிய மூளை, கிடைக்காதபோது கேட்கும். எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை, அளவில்லாத பசி, மலச்சிக்கல் எல்லாம் அந்தக் கேட்பின் வடிவங்கள். கடைசிப் பீடிக்குச் சில மணி நேரத்தில் ஆரம்பித்து, 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய், 2 முதல் 4 வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

41 நாள் என்பது இதைவிட நீளமானது. அப்படியென்றால், மாலையைக் கழற்றும் நாளில் உங்கள் உடம்பு நிக்கோட்டினுக்காக ஏங்கவில்லை. பீடியைக் கேட்பது பழக்கம். டீ கிளாஸைக் கையில் வாங்கியதும், சாப்பிட்டு எழுந்ததும், மச்சானைப் பார்த்ததும், லாரியை ஓரம் கட்டியதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போவது. 42ஆம் நாளுக்கு இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துத்தான் தயாராக வேண்டும்.

விட்டால் கிடைப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கும். 12 மணி நேரத்தில் இரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு வந்துவிடும். 1 முதல் 9 மாதத்துக்குள் இருமலும் மூச்சிரைப்பும் குறையும். ஒரு வருடத்தில் மாரடைப்பு போன்ற இதய நோய் வரும் ஆபத்து, புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகிவிடும். நுரையீரல் புற்றுநோயில் சாகும் ஆபத்து பாதியாவதற்குப் பத்து வருடம் ஆகும். இவை உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குகள்.

“பீடிதானே, இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை” என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. பீடி இலையில் காற்று எளிதில் நுழையாது, அடிக்கடி அணைந்துபோகும். அதை அணையவிடாமல் வைக்க ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன.

ஐப்பசியிலேயே ஆரம்பியுங்கள்

மாலை போடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீடியையும் பற்றவைக்கும் முன் நேரம், இடம், கூட இருந்தவர் யார் என்று எழுதுங்கள். நாலு நாள் எழுதினாலே புரிந்துவிடும். ஒருவருக்குக் காலையில் வெளிக்கிப் போகும் முன்னும், கட்டஞ்சாயாவோடும் (பால் இல்லாத டீ) தான் அதிகம். ரப்பர் வெட்டப் போகிறவருக்கு விடியற்காலைக் குளிரில். லாரி ஓட்டுபவருக்குப் புளியரை எஸ் வளைவு ஏறுவதற்கு முன்னும், செக்போஸ்ட் வரிசையில் காத்துக் கிடக்கும்போதும். இந்த நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள், 42ஆம் நாளுக்கு இது வேண்டும்.

ஒரு நாளைக்குப் பீடி, சிகரெட், கூடவே குடிக்கும் டீ எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகிறது என்றும் கணக்குப் போடுங்கள். தினம் 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு 36,500 ரூபாய். மனைவியோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுவது நல்லது.

தினமும் குடிக்கும் பழக்கமும் சேர்ந்து இருந்தால் இன்னொன்று. பல வருடமாக அதிகம் குடிப்பவர் மாலைக்காக மதுவைச் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். உயிருக்கே ஆபத்தாகும். அப்படிப்பட்டவர் மாலைக்கு முன்பே அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டும். புகையை நிறுத்துவதில் இப்படிப்பட்ட ஆபத்து கிடையாது. எரிச்சல் இருக்கும், அவ்வளவுதான்.

மாலைக்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்துங்கள்

நிறையப் பேர் கோயில் வாசலில் கடைசி பீடியைக் குடித்துவிட்டு, குளித்து, மாலை போட உள்ளே போகிறார்கள். அதனால் உடம்பு மிக மோசமாகக் கேட்கும் மூன்று நாளும் விரதத்தின் முதல் மூன்று நாளாகிவிடுகின்றன. அந்தச் சமயத்தில் ஒரு பீடி குடித்துவிட்டால் “விரதம் கெட்டுப்போச்சு” என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். ஒரு வாரம் முன்பே நிறுத்தினால் அந்த உச்சம் மாலைக்கு முன்பே கழிந்துவிடும். ஒன்றிரண்டு தடவை வழுக்கினாலும் மறுபடி நிறுத்த நாள் இருக்கும்.

நிறுத்தும் நாளுக்கு முந்தின ராத்திரி வீட்டில், வண்டியில், தோட்டத்து ஷெட்டில் இருக்கும் பீடிக் கட்டு, தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். “வந்தவங்களுக்குக் கொடுக்க” என்று ஒரு கட்டை எடுத்துவைப்பது வேண்டாம். புகை தெரியாது என்பதற்காக உதட்டுக்குள் புகையிலை ஒதுக்கும் வழக்கமும் மாலை போட்ட சிலரிடம் இருக்கிறது. அதிலும் அதே நிக்கோட்டின்தான், வாய்ப் புற்றுநோயும் கூட.

முதல் பத்து நாள்

ஆசை ஒரு அலையாக வரும். சில நிமிடம்தான் நிற்கும். அந்த நிமிடங்களைக் கடத்தத் தெரிந்தால் போதும். ஐயப்பமார்களுக்கு இதற்குக் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. 108 சரணத்தையும் நிதானமாக, மூச்சை இழுத்து விட்டுச் சொல்லிப் பாருங்கள். முடிப்பதற்குள் வேகம் தணிந்திருக்கும். நீளமான மூச்சுக்கே படபடப்பை அடக்கும் தன்மை உண்டு. பக்தியோடு சேரும்போது மனசுக்கும் பிடிமானம் கிடைக்கிறது.

டீயைப் பாதியாகக் குறையுங்கள். இது பலருக்குத் தெரியாத விஷயம். புகைப்பவர் உடம்பு காப்பி, டீயில் இருக்கும் கஃபீனை வேகமாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறையும். ஆக, அதே ஆறு டீ குடித்தால் உடம்பில் கஃபீன் முன்னைவிட நிறையத் தங்கி, கை நடுங்கும், தூக்கம் வராது. “பீடியை விட்டதிலிருந்து தூக்கமே போச்சு” என்பவர்களில் சிலருக்கு டீதான் காரணம்.

காலைக் கடன் பிரச்சினையை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள், ஆனால் திரும்பப் பீடிக்குப் போக அது ஒரு பெரிய காரணம். நிக்கோட்டின் குடலைத் தூண்டும். அது நின்றதும் இரண்டு மூன்று வாரம் மலச்சிக்கல் இருக்கலாம். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி பாளையங்கோட்டான் வாழைப்பழம் இரண்டு, சாப்பாட்டில் கீரை, நிறையத் தண்ணீர். குடல் பழகிவிடும்.

வாய்க்கு ஏலக்காய், கிராம்பு, பொரிகடலை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுபவர்கள், தூக்கம் கலையப் பீடி வேண்டும் என்பதை நம்ப வேண்டாம். ஆரியங்காவு, தென்மலை வளைவுகளில் தூக்கத்தோடு ஓட்டுவதற்கு எந்தப் புகையும் மாற்று இல்லை. ஓரம் கட்டி இருபது நிமிடம் கண்ணயர்வதுதான் சரி.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவர் என்றால் உங்கள் உடம்பு ரொம்பவே பழகியிருக்கிறது. மன உறுதியை மட்டும் நம்பாமல் மருந்தின் துணையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. காரமான சுவை வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி, சுவை போனதும் மறுபடி மென்று, அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்து டீ, காப்பி, எலுமிச்சை ஜூஸ் குடிக்காதீர்கள், மருந்து சேராது. தோலில் ஒட்டும் பட்டையும், டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகளும் உண்டு. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் எடுக்க வேண்டாம். விரதத்தில் இது கூடுமா என்று கேட்பவர்களுக்கு: சர்க்கரை மாத்திரை போடும் சாமிக்கு விரதம் கெடுவதில்லையே, இதுவும் மருந்துதான் என்பது என் எண்ணம். குருசாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் புகையை நிறுத்தும் செய்தியை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவை மாற்ற வேண்டி வரலாம்.

பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். சிகரெட், பீடி உறைகளிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

வீட்டார் என்ன செய்யலாம்

நம் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 45 வயது மனிதர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், தன் அப்பா முன்னால் பீடி குடிக்கமாட்டார். அப்பாவுக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி இருப்பார். மரியாதை என்ற பெயரில் வீடு முழுவதும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அதனால் “நான் விடப் போகிறேன், கூட நில்லுங்கள்” என்று கேட்கவே வாய் வருவதில்லை. எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மனைவியிடமும், வெளியில் ஒருவரிடமும் சொல்லுங்கள். அத்தானோ, மச்சானோ, தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் அண்ணாச்சியோ, ஏற்கெனவே விட்டவராக இருந்தால் ரொம்ப நல்லது.

மனைவிமார்களுக்கு: முதல் இரண்டு வாரம் அவர் சிடுசிடுப்பார். சாம்பாரில் உப்பு என்று ஆரம்பித்து எதற்கோ போய் நிற்கும். அது உடம்பு கேட்கும் கேட்பு, உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. அதற்காக அடி, வசவு எதையும் பொறுத்துப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது வேறு விஷயம், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

சட்டையை மோந்து பார்ப்பது, “வாயை ஊதுங்க பாப்போம்” என்பது, பிள்ளையை வேவு பார்க்க அனுப்புவது வேண்டாம். அப்படிச் செய்தால் மனிதர் பீடியை விடுவதற்குப் பதிலாக மறைக்கக் கற்றுக்கொள்வார். “இன்னைக்கு எப்ப ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க?” என்று கேளுங்கள். அவர் சொன்னதும் அறிவுரை சொல்லாமல் கேட்டாலே போதும். சாப்பிட்டு எழுந்ததும்தான் கஷ்டம் என்றால், அந்தப் பத்து நிமிடம் இரண்டு பேரும் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள்.

அம்மாக்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கல்யாண வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்துபோகும்போதும், “ஒண்ணே ஒண்ணுதானேப்பா” என்று பீடியை நீட்டும் மாமாவைத் தடுக்க, வீட்டில் மூத்த பெண்மணியின் குரலுக்கு இருக்கும் பலம் வேறு யாருக்கும் கிடையாது.

பிள்ளைகளிடம் உண்டியலைக் கொடுங்கள். பீடிக்குப் போகும் பணத்தை அப்பா தினமும் அவர்கள் கையால் போடச் சொல்லட்டும். இருமுடிச் செலவுக்கு ஒரு பங்கு, மிச்சம் அவர்களுக்கே.

பீடி சுற்றும் வீடு

தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் இதைச் சொல்லாமல் விட்டால் எழுதியதற்கே அர்த்தமில்லை. கடையம், முக்கூடல் பக்கமெல்லாம் வீட்டுத் திண்ணையில் பெண்கள் சொளகை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள். கணவர் விட நினைக்கிறார், வீடு முழுக்கப் புகையிலை மணம். இந்தப் பெண்களைக் குற்றவாளி ஆக்கும் பேச்சு எனக்குப் பிடிக்காது. அவர்கள் உழைப்பு அது, உடனே விட மாற்று வருமானமும் இல்லை.

இருந்தாலும் சில ஏற்பாடுகள் முடியும். சுற்றிய கட்டுகளை ராத்திரி வீட்டில் வைக்காமல் அன்றன்றே கடையில் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால், தூளும் கட்டும் பூட்டும் பெட்டிக்குள் போகட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும். முதல் ஒரு மாதம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்ற முடியுமானால் செய்யுங்கள். எப்படியும் காற்றோட்டமான இடத்தில்தான் சுற்ற வேண்டும். அந்தத் தூளும், தோல் வழியே ஏறும் நிக்கோட்டினும் சுற்றும் உங்களுக்கும் கெடுதல். கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சத்தியம் வாங்காதீர்கள்

பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது, “திரும்பத் தொட்டா சாமி கண்ணைக் குத்தும்” என்று பயமுறுத்துவது இரண்டையும் நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். சத்தியம் செய்தவர் ஒரு நாள் தவறினால் அதை யாரிடமும் சொல்லமாட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தன்னால்தான் என்று உள்ளுக்குள் வேகுவார். வெந்த மனசுக்கு மறுபடி பீடிதான் தேவைப்படும்.

பக்தியைத் துணையாக வையுங்கள். குருசாமியிடம் மாலை வாங்கும்போதே, “சாமி, இந்த வருஷம் கழற்றின பிறகும் தொடக் கூடாதுன்னு நினைக்கேன், கூட இருங்க” என்று சொல்லிவிடுங்கள். வழக்கமாக 41 நாளோடு முடிகிற பொறுப்பை அவரும் கொஞ்சம் நீட்டி ஏற்றுக்கொள்வார். ஒவ்வொரு நாளும் “இன்றைக்குத் தொடவில்லை” என்று சாமி முன் சொல்வது, “இனி வாழ்நாளில் தொடமாட்டேன்” என்பதைவிடத் தாங்கக்கூடிய வாக்கு.

மலை ஏறும் முன்

40 வயது தாண்டிய, பல வருடம் புகைத்த சாமிகள் மலைக்குப் போகும் முன் இரத்த அழுத்தமும் இ.சி.ஜி.யும் பார்த்துவிட வேண்டும். பம்பையிலிருந்து நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றம் இதயத்துக்குப் பெரிய சோதனை. இந்த இரண்டு இடத்திலும் இதய சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. நெஞ்சு இறுகினால், இடது கையோ தாடையோ வலித்தால், திடீரென்று வியர்த்துக் கொட்டினால் “சரணம் சொல்லி ஏறிரலாம்” என்று போகாமல் அங்கேயே நின்று கூப்பிடுங்கள்.

42ஆம் நாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மாலையை வழியில், கடையில், வண்டியில் கழற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்து, தேங்காய் உடைத்து, பூஜை அறையில் குருசாமியோ அம்மாவோ கழற்றட்டும். அன்றைக்கு எங்கே இருப்பீர்கள், யாரோடு இருப்பீர்கள் என்று முன்பே முடிவு செய்து வையுங்கள். கூட்டாளிகளோடு “மாலை கழற்றின சந்தோஷம்” என்று கூடுவதுதான் மிகப் பெரிய கண்ணி. அங்கே மது வரும், மதுவின் பின்னாலேயே சிகரெட் வரும். அன்று மனைவி பிள்ளைகளோடு குற்றாலமோ, மாமனார் வீடோ போய்விடுங்கள்.

விரதத்தில் செய்ததில் எதைத் தொடர முடியுமோ அதைத் தொடருங்கள். அதிகாலைக் குளியல், சரணம், ராத்திரி சீக்கிரம் படுப்பது. மாலை மட்டும் இறங்குகிறது, மற்றதெல்லாம் இன்னொரு மண்டலம், அதாவது இன்னொரு 41 நாள், போகட்டும். கையில் ஒரு கயிறு கட்டிக்கொள்வது சிலருக்கு உதவுகிறது, பைக்குள் போகும் கை அதைப் பார்க்கிறது.

ஐப்பசி நோட்டை எடுங்கள். விரதத்தில் கடைக்கே போகாமல் இருந்திருப்பீர்கள். இப்போது கடைக்குப் போய், டீ வாங்கி, பீடி இல்லாமல் குடித்துப் பழக வேண்டும். முதல் சில தடவை தனியாகப் போகாமல், புகைக்காத ஆளோடு போங்கள். நின்ற இடத்தில் நிற்காமல் பெஞ்சில் உட்காருங்கள். நோட்டில் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இப்படி ஒரு மாற்று எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு பொங்கல், தைக் கல்யாணங்கள் என்று வரிசையாக வரும். மண்டபத்துக்குப் பின்னால் கூடும் கூட்டத்துக்குப் போகாமல் பந்தியில் பரிமாற நில்லுங்கள்.

உடம்பு எடை ஒரு வருடத்தில் நாலைந்து கிலோ கூடலாம். பயந்து திரும்ப வேண்டாம், நடந்தால் கட்டுக்குள் வரும்.

நோன்பும் தவக்காலமும்

கடையநல்லூர், தென்காசி, உத்தமபாளையம் பக்கம் ரமலானில் நோன்பு வைக்கும் சகோதரர்களுக்கு வேறு விதமான சோதனை. பகல் முழுவதும் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடாமல் இருந்துவிட்டு, நோன்பு திறந்ததும் பள்ளிவாசலுக்கு வெளியே ஒன்றைப் பற்றவைக்கிறார்கள். உடம்பு முழுதாக விடுபட நேரமே கிடைப்பதில்லை, தினமும் முதல் நாள் வேதனை. பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, நேராக மஃரிப் தொழுகை, அப்புறம் வீட்டுச் சாப்பாடு, தராவீஹ் இரவுத் தொழுகை என்று இடைவெளி இல்லாமல் அடுக்கிக்கொள்ளுங்கள். முதல் நாலு இரவைத் தாண்டினால் மிச்ச நாள் இறங்குமுகம்தான். பெருநாளன்று வீட்டார் சூழ இருப்பது 42ஆம் நாளுக்குச் சமம்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை 40 நாள் ஒறுத்தலாகப் புகையை விடுபவர்கள் உண்டு. ஈஸ்டர் விருந்தோடு திரும்பிவிடாமல் இருக்க, அன்றே அடுத்த ஞாயிறு வரைக்கும் என்று நீட்டுங்கள். பாதிரியாரிடமோ, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்திலோ சொல்லிவைத்தால் வாரா வாரம் கேட்க ஆள் இருக்கும்.

வழுக்கினால்

ஒரு பீடி குடித்துவிட்டீர்கள். அதற்காக அந்தக் கட்டில் இருக்கும் பீடி முழுவதையும் குடிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மிச்சத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அன்றே மனைவியிடமோ அந்த ஒரு நண்பரிடமோ சொல்லுங்கள். விரதத்துக்குள் நடந்தால் குருசாமியிடம் போய்ச் சொல்லுங்கள். குளித்துச் சரணம் சொல்லித் தொடரச் சொல்வார். நோட்டில் எந்த இடம், யார் கூட என்று எழுதுங்கள். விட்டவர்களில் நிறையப் பேர் முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் இல்லை.

வீட்டார் அந்த நாளில் “எனக்குத் தெரியும், இப்படித்தான் ஆகும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். “சரி, நாளைக்கு என்ன செய்யலாம்” என்று கேளுங்கள்.

விட்ட பிறகு கொஞ்ச நாள் இருமலும் சளியும் கூடத் தெரியலாம், நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்வதால் வருவது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், இரத்தம் வந்தால், எடை குறைந்துகொண்டே போனால், வாயில் ஆறாத புண் இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.